மின் கிதார் கண்ட ஜார்ஜ் பீச்சம்

கலைகளுள் நெஞ்சை விரைந்து கவர்வது இசைக்கலை. யாழும் குழலும் முழவும் வளர்ந்த தமிழகத்தில், இன்று கோயில் திருவிழாவானாலும் கல்லூரி விழாவானாலும் திருமண வரவேற்பானாலும் மேடையில் தவறாமல் இடம்பெறும் கருவி மின் கிதார். அதன் ஓசைக்குக் கைதட்டுகிறோம், வாசிப்பவரைப் பாராட்டுகிறோம். ஆனால் அக்கருவியை முதன்முதலில் ஆக்கித் தந்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

இளைஞர் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வாசிக்கும் இக்கருவி, பிறந்தபோது தோளில் தொங்கவில்லை. ஒருவர் மடியில் மல்லாந்து படுத்திருந்தது. அந்த மடிக் கிதாருக்கு மின்சாரத்தால் குரல் கொடுத்தவர் ஜார்ஜ் பீச்சம் என்னும் அமெரிக்கர். இசைக்கருவி செய்வோர் உலகில் புகழ்பெற்ற அவருடைய வாழ்க்கை, வெற்றியும் சண்டையும் வறுமையும் விடாமுயற்சியும் கலந்த வாழ்க்கை. பட்டறையும் தறியும் பம்புசெட்டும் நிறைந்த சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்த நமக்கு அதில் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறையவே உண்டு.

மடிக் கிதார் என்பது யாது?

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளுக்குக் கிதாரைக் கொண்டு சென்றவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாடு மேய்க்கும் தொழிலுக்காக அங்கு வந்த மெக்சிகோ நாட்டவர் என்பர். தீவு மக்கள் அதைத் தம் இசைக்கேற்ப மாற்றிக்கொண்டனர். 1874ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் கெகுகு என்னும் ஹவாய் இளைஞர், பள்ளிப் பருவத்திலேயே கிதாரை மடியில் கிடத்தி, தந்திகளை விரலால் அழுத்தாமல், அவற்றின்மேல் ஓர் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தார். முதலில் சீப்பின் முதுகையும் பேனாக்கத்தியின் முதுகையும் வைத்துப் பார்த்தவர், பிறகு இதற்கென்றே ஓர் எஃகுத் துண்டைச் செய்துகொண்டார். அவருக்கு முன்பே, இந்தியாவில் பிறந்து ஹவாய்க்குக் கொண்டு செல்லப்பட்ட கேப்ரியல் டேவியன் என்பவர் இவ்வாறு வாசித்துக் காட்டினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

அச்செய்தி உண்மையாயினும் இல்லாவிடினும், வழுக்கி வாசிக்கும் முறை நமக்குப் புதியதன்று. நம் கோட்டு வாத்தியத்தில் மெட்டுகள் கிடையா. இடக்கையில் கருங்காலிக் கட்டையைப் பிடித்துத் தந்தியின்மேல் நகர்த்தியே சுரங்களை எழுப்புகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருவியைப் புகழ்பெறச் செய்தவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பாடம் கேட்டவர். சகாராம ராவின் வழியில் வந்து மைசூர் அரசவையை அணிசெய்தவர் நாராயண ஐயங்கார் (1903–1959). இன்று சித்திரவீணை என்று வழங்கும் அக்கருவியும் ஹவாய்த் தீவின் மடிக் கிதாரும் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றுகின்றன. தந்தியைப் படிப்படியாக அன்றி இழைந்து இழைந்து பேச வைப்பதே அந்த இலக்கணம். கமகத்திற்கு உயிர் கொடுப்பதும் அதுவே.

மடிக் கிதாரில் ஆறு தந்திகள். முற்காலத்தில் பெரிதும் வழங்கிய ஒரு சுருதிமுறையை நம் மொழியில் சொன்னால் கீழிருந்து மேலாகப் பஞ்சமம், சட்சமம், பஞ்சமம், சட்சமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று அமையும். எஃகுத் துண்டை எந்த இடத்தில் குறுக்காக வைத்தாலும் இனிய கூட்டொலி ஒன்று கிடைக்கும். தந்திகள் பலகையிலிருந்து நன்கு உயர்ந்து நிற்கும். கழுத்தில் உள்ள கோடுகள் கண்ணுக்கு அடையாளங்களே. விரலுக்கு மெட்டுகள் அல்ல. எஃகுத் துண்டு கோட்டுக்கு நேர்மேலே நின்றால் சுரம் சரியாக இருக்கும். ஒரு நூலிழை விலகினாலும் அபசுரம். ஆகவே வாசிப்பவருக்குக் காதே ஆசான்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் பீச்சம் 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோல்மன் வட்டாரத்தில் பிறந்தார். முதலில் வயலினும் பிறகு மடிக் கிதாரும் பயின்றார். 1915ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஹவாய் இசை அமெரிக்க மக்களை மயக்கிவிட்டது. எங்கும் ஹவாய்ப் பாடல்கள். எங்கும் ஹவாய்க் கிதார்கள். இளைஞர் பீச்சமும் அந்த அலையில் சேர்ந்தார். நம் ஊர் நாடகக் குழுக்களைப் போல் ஊர் ஊராகச் சென்று ஆடல், பாடல், வேடிக்கை நிகழ்ச்சிகள் நடத்திய குழுக்களில் மடிக் கிதார் வாசித்தார். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடியேறினார்.

ஒலி போதவில்லை

மேடையில் வாசிக்க வாசிக்கப் பீச்சத்துக்கு ஒரு குறை தெரிந்தது. ஊதுகுழல்களும் முரசுகளும் முழங்கும் வாத்தியக் குழுவின் நடுவே கிதாரின் மெல்லிய ஓசை எடுபடவில்லை. வாசிப்பவர் கை வலிக்க மீட்டினாலும் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு எட்டவில்லை. மண்டபங்களோ நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டிருந்தன. கிதார்க் கலைஞனுக்கு அது பிழைப்பையே தொடும் கேள்வி. ஒலி கேட்காத கலைஞனை யார் அழைப்பார்கள்?

பீச்சம் கைவினைஞர் ஜான் டோபியேரா என்பவரை நாடினார். ஐரோப்பாவின் சுலோவாக்கியப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த டோபியேரா, கருவிகள் செய்வதில் தேர்ந்தவர். கிராமபோன் பெட்டியின் குழலைப் போன்ற ஒரு குழலைக் கிதாரில் பொருத்தும் முயற்சி முதலில் நடந்தது. அது பயன் தரவில்லை. பிறகு டோபியேரா வேறொரு வழி கண்டார். மெல்லிய அலுமினியத் தகட்டால் கூம்புகள் செய்து உலோக உடலுக்குள் பொருத்தினார். தந்தியின் அதிர்வு பாலத்தின் வழியே கூம்புகளுக்குச் சென்றது. கூம்புகள் அதிர்ந்து ஒலியைப் பெருக்கின. மூன்று கூம்புகளைக் கொண்ட அக்கருவி மரக் கிதாரைவிட நன்றாகவே முழங்கியது.

இதைப் பெரிய அளவில் செய்யப் பணம் வேண்டுமே! பீச்சம் பேச்சில் வல்லவர். மனிதர்களைச் சேர்ப்பதில் அதைவிட வல்லவர். பெருஞ்செல்வத்துக்கு வாரிசான உறவினர் ஒருவரிடம் முதல் பெற்றார். அவரை மகிழ்விக்க நடந்த விருந்தில் ஹவாய் நாட்டு மடிக் கிதார் மேதை சோல் ஹூபியின் குழு புதிய கருவியை வாசித்தது என்பர். இவ்வாறு 1920களின் பிற்பகுதியில் நேஷனல் என்னும் தந்திக் கருவி நிறுவனம் உருவாயிற்று. அதற்கு உலோக உடல்களை அச்சில் அழுத்திக் கொடுத்தவர், அருகில் பட்டறை வைத்திருந்த அடால்ப் ரிக்கன்பேக்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர் அச்சும் வார்ப்பும் செய்யும் தொழிலில் கைதேர்ந்தவர். பட்டறைக்காரருக்கும் பாடகருக்கும் ஏற்பட்ட இந்த நட்பே பின்னாளில் வரலாறு படைத்தது.

பிளவு

செல்வம் வந்தபோது பிளவும் வந்தது. டோபியேரா சிக்கனமானவர்; கருவியின் நேர்த்தியே அவருக்கு எல்லாம். பீச்சமோ கேளிக்கையில் நாட்டமுடையவர், செலவாளி. ஒற்றைக் கூம்பு அமைப்பு யாருடைய கண்டுபிடிப்பு என்பதில் இருவருக்கும் சச்சரவு மூண்டது. டோபியேரா விலகிச் சென்று, உடன்பிறந்தாரோடு சேர்ந்து டோப்ரோ என்னும் வேறு நிறுவனத்தைத் தொடங்கினார். 1929ஆம் ஆண்டு அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார வீழ்ச்சி நேஷனலையும் உலுக்கியது. 1931ஆம் ஆண்டில் பீச்சம் வேலையை இழந்தார்.

வயது முப்பத்திரண்டு. கையில் பதவி இல்லை. நாட்டில் வேலை இல்லை. தாம் வளர்த்த நிறுவனத்திலிருந்து தாமே வெளியேற்றப்பட்ட நிலையில் வேறொருவராயின் சோர்ந்து ஒதுங்கியிருப்பார். ஆனால் பீச்சத்தின் நெஞ்சில் பல ஆண்டுகளாக ஒரு எண்ணம் கனன்றுகொண்டிருந்தது. தகடும் கூம்பும் எவ்வளவுதான் உதவினாலும் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. கிராமபோனுக்கும் வானொலிக்கும் மின்சாரம் குரல் கொடுக்கும்போது, கிதாருக்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது?

சாப்பாட்டு மேசையில் பிறந்த கருவி

இந்த எண்ணத்தை நிறைவேற்ற இசையறிவு மட்டும் போதாது என்பதைப் பீச்சம் உணர்ந்தார். இரவு வகுப்பில் சேர்ந்து மின்னணுவியல் பயின்றார். மின்சாரக் கிராமபோன் ஒன்றின் பிக்கப்பைக் கழற்றி எடுத்து, நீண்ட மரக்கட்டையொன்றில் ஒரே ஒரு தந்தியைக் கட்டி, அதனோடு இணைத்துச் சோதனை செய்தார். ஒரு தந்தி பேசியது. ஆறு தந்திகளைப் பேச வைப்பது எப்படி என்பதே அடுத்த கேள்வி.

டோபியேராவின் உறவினரான பால் பார்த் என்பவர் இம்முயற்சியில் துணை நின்றார். கம்பிச் சுருளைக் கையால் சுற்றினால் நாட்கள் ஆகும். எனவே வீட்டிலிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிச் சுருள் சுற்றினார் பீச்சம் என்று ஒரு செய்தி உண்டு. தையல் இயந்திரத்தின் மோட்டாரே இறுதியில் பயன்பட்டது என்று பார்த் நினைவுகூர்ந்ததாகவும் உண்டு. எதுவாயினும், வீட்டுப் பொருளே ஆய்வுக்கூடப் பொருளாயிற்று என்பது உறுதி.

மாதக்கணக்கில் உழைத்தபின் பிக்கப் தயாராயிற்று. அதைப் பொருத்த ஓர் உடல் வேண்டும். நேஷனல் நிறுவனத்தில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்த ஹாரி வாட்சன் என்னும் கைவினைஞர் பீச்சத்தின் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையின்மேல் மேப்பிள் மரத்தை வைத்து, அரமும் சிறு கைக்கருவிகளும் கொண்டு, சில மணி நேரத்தில் கழுத்தையும் வட்டமான சிறு உடலையும் செதுக்கி முடித்தார். பார்ப்பதற்கு நீண்ட பிடி வைத்த வாணலியைப் போலவே இருந்தது. அந்தக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் இசைக்கருவி வரலாற்றில் அக்கருவியின் பெயர் வாணலிக் கிதார்தான்.

இயங்கும் விதம்

இதன் அடிப்படை, இயற்பியல் மாணவர் அனைவரும் அறிந்த மின்காந்தத் தூண்டல். மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்ட உண்மை, சரியாக நூறாண்டுகள் கழித்து ஒரு கிதாருக்குள் குடிபுகுந்தது.

பீச்சம் இரண்டு குதிரைலாடக் காந்தங்களை எடுத்து, அவற்றின் முனைகள் நேருக்கு நேர் நோக்குமாறு வைத்தார். ஆறு தந்திகளும் அந்த இரு லாடங்களுக்குள் நுழைந்து செல்லும். தந்திகளுக்கு மேலும் காந்தம், கீழும் காந்தம். கீழே, மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றிய சுருள். சுருளின் நடுவே ஒவ்வொரு தந்திக்கும் ஒன்றாக ஆறு இரும்புத் துண்டுகள். எஃகுத் தந்தியை மீட்டியதும் அது காந்தப் புலத்துக்குள் அதிர்கிறது. அதனால் சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடியும் குறைந்தும் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் எழும். தந்தி நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் அதே எண்ணிக்கையில் ஏறி இறங்கும். இந்தச் சிறு மின்னழுத்தத்தை வால்வு பொருத்திய பெருக்கி பன்மடங்காக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்திகள் மூன்று. முதலாவது, பிக்கப் காற்றின் ஒலியைக் கேட்பதில்லை. தந்தியின் அசைவையே நேராக உணர்கிறது. ஆகவே குடமும் கூடும் தேவையில்லை. கெட்டியான உடலே போதும். வீணைக்குக் குடம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்த்தால் இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

இரண்டாவது, தந்தி எஃகினால் ஆனதாக இருக்க வேண்டும். விலங்கின் நரம்பினால் ஆன தந்தி காந்தத்தோடு பேசாது. அக்காலத்தில் சாதாரணக் கிதார்களில் பலவற்றுக்கு நரம்புத் தந்திகளே கட்டப்பட்டன. மடிக் கிதாருக்கோ முன்பிருந்தே எஃகுத் தந்தி. மின்சாரம் முதலில் மடிக் கிதாரைத் தேடி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, கெட்டியான உடல் தந்தியின் ஆற்றலை விரைவில் உறிஞ்சிவிடாது. ஆகவே மீட்டிய சுரம் நெடுநேரம் நின்று ஒலிக்கும். எஃகுத் துண்டை வழுக்கி இழைத்து வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய வரம் வேறென்ன வேண்டும்?

வாணலியும் பேக்லைட்டும்

வாட்சன் செதுக்கிய மர மாதிரியோடு பீச்சம் பழைய நண்பர் ரிக்கன்பேக்கரிடம் சென்றார். பட்டறைக்காரரின் கண்ணுக்கு அதன் மதிப்பு உடனே தெரிந்தது. 1931ஆம் ஆண்டு இருவரும் சேர்ந்து ரோபாட்டின் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது எலக்ட்ரோ தந்திக் கருவி நிறுவனம் எனப் பெயர் மாறியது. 1932ஆம் ஆண்டில் முதல் கருவிகள் வெளிவந்தன. உடலும் கழுத்தும் ஒரே வார்ப்பாக அலுமினியத்தில் அமைந்தவை. தந்தியின் நீளம் இருபத்திரண்டரை அங்குலம் உள்ளது ஏ-22. இருபத்தைந்து அங்குலம் உள்ளது ஏ-25. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் கேஜ் புரூயர் என்னும் கலைஞர் மின் கிதாரை மக்கள் முன் வாசித்தார். மின் கிதாரின் முதல் அரங்கேற்றங்களில் நன்கு பதிவாகியிருப்பது அதுவே. வழுக்கி வாசிக்கும் கலையை உலகுக்குக் கொண்டு சென்ற ஜோசப் கெகுகு மறைந்த ஆண்டும் 1932தான். ஒரு தலைமுறை கண் மூடிய ஆண்டில் மறு தலைமுறை கண் விழித்தது.

ஆனால் விற்பனை? பொருளாதார வீழ்ச்சியின் நடுவே கிதாருக்கும் பெருக்கிப் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வல்லவர் எத்தனை பேர்? மின்சாரமே எட்டாத ஊர்கள் அமெரிக்காவிலும் அன்று பல இருந்தன. முதல் ஆண்டில் விற்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

கருவியிலும் ஒரு குறை தலைகாட்டியது. மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினியக் கழுத்து விரிந்தது, சுருதி கலைந்தது. சூடு ஏறும் உலோகம் நீளும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் மேடையில் நிற்கும் கலைஞனுக்கு அது மானப் பிரச்சினை. இதற்கு மாற்றாக 1935ஆம் ஆண்டில் பேக்லைட் என்னும் கடினமான பிளாஸ்டிக்கில் கருவி வார்க்கப்பட்டது. அந்தப் பேக்லைட் கிதாரின் ஓசையை மிஞ்ச இன்றுவரை எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்லும் மடிக் கிதார்க் கலைஞர்கள் உண்டு.

இன்று இத்தகைய பழங்கருவிகளைத் தேடி வாங்குவோர் முதலில் பார்ப்பது காந்தத்தையே. இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவற்றில் லாடத்தின் அகலம் ஒன்றரை அங்குலம். பிந்தியவற்றில் ஒன்றேகால் அங்குலம். காந்தம் காலப்போக்கில் வலிவிழந்திருந்தால் மீண்டும் காந்தமேற்றுவர். மயிரிழை போன்ற சுருள் எங்கேனும் அறுந்திருந்தால் ஓசையே வராது. மீட்டர் வைத்து மின்தடையைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். பேக்லைட் கீழே விழுந்தால் உடையும். ஆனால் இவற்றை அறிந்து பேணுவோர் கையில் அக்கருவிகள் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் பாடிக்கொண்டிருக்கின்றன.

காப்புரிமைப் போராட்டம்

கண்டுபிடிப்பது ஒரு போராட்டம்; கண்டுபிடித்தது தமது என நிலைநாட்டுவது மற்றொரு போராட்டம். பீச்சம் 1932ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இது இசைக்கருவியா, மின்கருவியா என்ற குழப்பமே அலுவலகத்தில் முதலில் எழுந்தது. 1934ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருத்திய விண்ணப்பம் சென்றது. இப்படியொரு கருவி உண்மையில் இயங்குமா என்ற ஐயமும் அதிகாரிகளுக்குத் தீரவில்லை. வரைபடத்தாலும் விளக்கத்தாலும் தீராத ஐயத்தை வாசிப்பால் தீர்க்க எண்ணிய ரிக்கன்பேக்கர், கலைஞர் சிலரை வாஷிங்டனுக்கே அனுப்பி அதிகாரிகள் முன் வாசிக்கச் செய்தார். அவர்களுள் சோல் ஹூபியும் ஒருவர் என்பர்.

இறுதியில் 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. ஆனால் ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன. அதற்குள் கிப்சன் முதலிய பெரிய நிறுவனங்கள் தத்தம் மின் கிதார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன. எல்லாரோடும் வழக்காடச் சிறிய நிறுவனத்திடம் வலுவில்லை. கதவுக்குப் பூட்டு வந்து சேர்ந்தபோது வீட்டில் பலரும் குடியேறியிருந்தனர்.

இறுதி நாட்கள்

இடையறாத போராட்டம் பீச்சத்தைக் களைப்படையச் செய்தது. கிதார்த் தொழிலில் நாட்டம் குறைந்தது. ஆழ்கடலில் மீன் பிடிப்பதில் ஆர்வம் பிறந்தது. அங்கும் அவர் மூளை சும்மா இருக்கவில்லை; மீனைக் கவரும் தூண்டில் இரைகளை வடிவமைத்து அவற்றுக்கும் காப்புரிமை நாடினார். 1940ஆம் ஆண்டில் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை விற்றுவிட்டு விலகினார். மறு ஆண்டு, 1941 மார்ச்சுத் திங்களில், கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 42.

அவருக்குப் பின்னர் நடந்தவை அனைவரும் அறிந்தவை. 1940களின் நடுவில் கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ பெண்டர், மடிக் கிதார்களைச் செய்து தொழில் தொடங்கி, 1950ஆம் ஆண்டில் கெட்டி உடலுள்ள மின் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மடியில் கிடந்த கருவி எழுந்து நின்று தோளில் ஏறியது. உலக இசையின் முகமே மாறியது. அந்த மாற்றத்தைக் காணப் பீச்சம் இல்லை. அவர் பட்டறைத் தோழர் ரிக்கன்பேக்கரின் பெயரே கிதார்களின் நெற்றியில் இன்றும் மின்னுகிறது.

நம் மண்ணும் இக்கருவியும்

மடிக் கிதார் நம் நாட்டுக்கும் வந்தது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். வங்காளத்தில் ஹவாயன் கிதார் வீட்டுக் கருவியாகவே வேரூன்றியது. ராஜஸ்தானத்தில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018) அதில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்துப் பெருமை தேடித் தந்தார். விசுவ மோகன் பட் அதை மோகன வீணையாக மாற்றி 1994ஆம் ஆண்டு கிராமி விருதே பெற்றார்.

பீச்சம் வாழ்ந்த நாட்களில் நம் வட்டாரமும் உறங்கிக்கிடக்கவில்லை. அவர் திருத்திய விண்ணப்பம் அனுப்பிய அதே 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் பேசும் படங்களை எடுக்கத் தொடங்கியது. மின்சாரம் பாட்டுக்குத் துணையாகும் காலம் அங்கும் வந்தது, இங்கும் வந்தது.

மேலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வாணலிக் கிதாருக்கு வேண்டியவை யாவை? காந்தம், சேலத்துக் கஞ்சமலையில் கிடப்பது காந்தத் தன்மை கொண்ட இரும்புக் கனிமமே. அலுமினியம், ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூர் ஆலையில் பல்லாண்டுகள் அலுமினியம் உருக்கப்பட்டது. சுருள் சுற்றும் கை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் இச்சமவெளியில் உண்டா? உடலை வடிக்கும் கை. நாடெங்கும் ஓடும் லாரிகளுக்குக் கூடு கட்டும் நாமக்கல் பட்டறைகளில் இல்லாத கைத்திறனா? பொருளும் நம்மிடம் உண்டு, திறனும் உண்டு. இவற்றையும் இசையையும் இணைத்துப் பார்க்கும் கண் ஒன்றே இனி வேண்டுவது. அக்கண் இருந்தால் கோட்டு வாத்தியம் போன்ற நம் அருங்கருவிக்கு, அதன் கமகம் சிறிதும் கெடாத நல்ல பிக்கப் ஒன்றை நம் கல்லூரி மாணவரே ஆக்கித் தர முடியும். வாசிப்போர் குறைந்துவரும் அக்கருவிக்கு அது பெருந்தொண்டாகவும் அமையும்.

முடிவுரை

பீச்சம் குறையற்ற மனிதர் அல்லர். செலவாளி, சச்சரவுக்கு அஞ்சாதவர், நண்பர்களை இழந்தவர். ஆயினும் வேலை போன பிறகு இரவு வகுப்புக்குச் சென்று பாடம் கேட்ட அந்த மனத்திண்மை போற்றத்தக்கது. முப்பது வயதைக் கடந்தவருக்கு வகுப்பறை வெட்கமாகத் தோன்றவில்லை. இருபது வயதில் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாம் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் தனியாகவும் வெல்லவில்லை. கூம்பு செய்த டோபியேரா, சுருள் சுற்றிய பார்த், அரம் பிடித்த வாட்சன், வார்த்துக் கொடுத்த ரிக்கன்பேக்கர், வாசித்து மெய்ப்பித்த கலைஞர்கள் எனப் பலருடைய கைகள் சேர்ந்ததாலேயே கருவி உருவாயிற்று. காப்புரிமைத் தாளில் ஒரு பெயர். கருவியின் நெற்றியில் வேறொரு பெயர். சாப்பாட்டு மேசையில் அதற்கு உருவம் கொடுத்த ஹாரி வாட்சனின் பெயரோ எங்கும் பொறிக்கப்படவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் தறிக்குழியிலும் லேத்துப் பட்டறையிலும் லாரிக் கொட்டகையிலும் உழைத்த கைகளால் படிக்க வைக்கப்பட்டவர்கள். பட்டம் பெற்றதும் அந்தக் கைகளின் அறிவை அறிவே அன்று என எண்ணும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. ஏட்டறிவும் கையறிவும் ஒரு மேசையில் சந்தித்தபோதுதான் மின் கிதார் பிறந்தது. அடுத்த முறை கல்லூரி விழா மேடையில் அக்கருவி முழங்கும்போது, ஜார்ஜ் பீச்சத்தை நினைப்போம். அவரோடு, அரம் பிடித்த அந்தக் கைகளையும் நினைப்போம்.